மணிக்கு எவ்வளவு?

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது காலை ஆறே முக்கால். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் பொன்னேரியைத் தாண்டிய பிறகு வேறு ஏதோ தேசத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். உப்புக் காற்று, ஏரிப் பக்கம் ஏலம் போடுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். எனக்குப் பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் வரை போகவேண்டும். ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. டீக்கடை வாசலில் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, கேரியரிலிருந்து காலி மீன் பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற சைக்கிள் அது. பார்த்தாலே தெரியும்.

"அண்ணே, இங்க சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! டைப்ரைட்டர் ரிப்பன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கூட இவ்வளவு விநோதமாகப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்குள் ஒரு சின்ன சரித்திரம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனிடம் நம் வண்டியைத் தூக்கிக் கொடுத்து, "ஒரு மணி நேரத்தில் கொண்டுவா" என்று சொல்கிற துணிச்சலின் சரித்திரம். நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு அது தெரியும். 'அவர் சைக்கிள்' என்று சொல்வோமே, அதேதான். நிறைய பேர் அதை 'அவருடைய சைக்கிள்' என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகையில் அதுவும் சரிதான்!

பழவேற்காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்றைக்கு உலகத்திலேயே சைக்கிள் பைத்தியம் பிடித்த ஜனங்கள் யார் என்று கேட்டால் டச்சுக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த டச்சுக்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்த ஊர் இது. 1613இல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைநகரம் இதுதான். துணி வாங்கினார்கள், விற்றார்கள். மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். (அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) கடைசியில் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இப்போது வெறும் மேடும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் பிழைத்திருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். போனால் பாருங்கள்.

அவர்கள் இங்கே இருந்தவரை சைக்கிள் ஓட்டியிருக்க வாய்ப்பே இல்லை. ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரத்தை வரிசையாகப் பூட்டி முதல் வண்டியை ஓட்டிக் காட்டியதே 1817இல். அதிலும் பெடல் கிடையாது. மேலே உட்கார்ந்துகொண்டு, தரையைக் காலால் உந்தி உந்திப் போகவேண்டும். அதற்கு நடந்தே போய்விடலாம் என்று ஊர் சிரித்தது. 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செயின் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றவைத்தார். 1888இல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், இன்றைக்கு நம் தெருவில் போகிற சைக்கிள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிதாக என்ன மாறியது? பெல் சத்தம் மாறியிருக்கலாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பெடல் வைத்த வண்டி வந்த அந்த 1860களிலேயே, பாரிஸில் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற கடைகளும் வந்துவிட்டன. சைக்கிளும் வாடகை சைக்கிளும் கிட்டத்தட்ட ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள். காரணம் ரொம்ப சிம்பிள். ஆசை எல்லோருக்கும் இருந்தது, காசு சிலரிடம்தான் இருந்தது.

நம் ஊரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. வெள்ளைக்காரன் காலத்தில் சைக்கிள் கப்பலில் வந்து இறங்கவேண்டும். ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ... பெயரைச் சொல்லும்போதே தாத்தாக்களின் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். முதலில் துரைமார்கள், அப்புறம் வக்கீல், டாக்டர், அதற்கப்புறம் குமாஸ்தாக்கள், தபால்காரர்கள், தந்திச் சேவகர்கள். 1930களில் ஜப்பானிலிருந்து விலை மலிவாக வந்து இறங்கின. பிறகு உலக யுத்தம் வந்து இறக்குமதியைக் கெடுத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமே செய்ய ஆரம்பித்தோம். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தது. சென்னை அம்பத்தூரில் தொழிற்சாலை. வடக்கே சோனிபட்டில் அட்லஸ், வங்காளத்தில் சென்-ராலே, 1956இல் லூதியானாவில் ஹீரோ. வரிசையாக வந்தன. சைக்கிள் தட்டுப்பாடு தீர்ந்தது. காசுத் தட்டுப்பாடு தீரவில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு சைக்கிள் என்பது பல மாதக் கூலி. கல்யாணச் சீர் பட்டியலில் சைக்கிள் இடம்பிடித்தது சும்மாவா? மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோ, சைக்கிள் மூன்றும் வாங்கித் தந்த மாமனார் அந்த ஜில்லாவிலேயே பெரிய மனிதர்.

மற்றவர்களுக்கு? அவர்களுக்குத்தான் கடைத்தெரு ஓரத்துச் சைக்கிள் கடை.

அந்தக் கடையைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஓலைக் கொட்டகை அல்லது தகரக் கூரை. வாசலில் பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிறைந்த பழைய இரும்புச் சட்டி. தண்ணீர் கறுப்பாக இருக்கும், வருஷத்துக்கு ஒருதரம் ஆயுத பூஜைக்குத்தான் மாற்றுவார்கள் என்று நினைக்கிறேன். சொல்யூஷன் வாசனை. உத்திரத்தில் மாலை மாலையாகத் தொங்கும் டயர்கள். ஒரு கைப்பம்பு, சங்கிலியில் கட்டிப்போட்டது. தெருவில் வரிசையாக ஏழெட்டு சைக்கிள்கள். பின் மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். அதில் எதற்குப் பிரேக் பிடிக்கும், எதற்குச் செயின் கழலும், எதற்கு ஹேண்டில் பார் இடதுபக்கம் இழுக்கும் என்று ஊரில் இருக்கிற அத்தனை பையன்களுக்கும் மனப்பாடம். சனிக்கிழமை காலையில் போனால் மூன்றாம் நம்பர் கிடைக்காது. அதுதான் நல்ல வண்டி.

சின்னப் பசங்களுக்கு என்று ஒன்றிரண்டு குட்டி சைக்கிள். அது கிடைக்காதவர்கள் பெரிய சைக்கிளை எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒருபக்கமாக வளைத்துக் குரங்கு பெடல் அடிப்போம். இந்தத் தலைப்பிலேயே 2024இல் ஒரு சினிமாகூட வந்தது. வாடகைச் சைக்கிளுக்கு அலைகிற எண்பதுகளின் பையன்தான் கதாநாயகன். தியேட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் படம் பூராவும் தன் பிள்ளைக்கு விளக்கவுரை சொல்லிக்கொண்டே வந்தார். கோபமே வரவில்லை.

எங்கள் ஊரில் மணிக்கு ஒரு ரூபாய். அரை மணி ஐம்பது காசு. கடைக்காரரிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு. அதில் பெயர், நம்பர், எடுத்த நேரம். சுவரில் ஒரு கடிகாரம், அது எப்போதும் ஐந்து நிமிஷம் வேகமாகத்தான் ஓடும். எடுக்கும்போது நாம் அதைக் கவனிக்க மாட்டோம். திருப்பிக் கொடுக்கும்போதுதான் உறைக்கும். ராத்திரி எடுத்தால் விளக்கு எரிகிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும். டைனமோ எரியாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். வால்வ் டியூபைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடுவார். அங்கிருந்து தள்ளிக்கொண்டே வரவேண்டியதுதான். தள்ளுகிற நேரத்துக்கும் வாடகை உண்டு!

பஞ்சரானால் யார் காசு? இது பெரிய வழக்கு. "முள்ளு ஏற்கனவே இருந்துச்சுண்ணே" என்பது பிரதிவாதி தரப்பு. "எடுக்கும்போது காத்து நின்னுச்சா இல்லியா?" என்பது வாதி தரப்பு. பாதிக்குப் பாதி என்று தீர்ப்பாகும்.

பி.காம். படித்தவன் என்கிற தோஷத்தினால் எனக்கு இதில் ஒரு கணக்கு உறுத்தும். ஒரு புதுச் சைக்கிள் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு ரூபாய், நாளைக்குச் சராசரியாக நான்கு மணி நேரம் ஓடினால் பத்து மாதத்தில் முதல் வந்துவிடும். அதற்குள் இரண்டு டயர், நாலைந்து டியூப், எண்ணற்ற பிரேக் கட்டை, ஒரு ஓவராலிங். ஆக, ஒன்றேகால் வருஷம் என்று வையுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். நல்ல தொழில்தான். ஆனால் ஒரே ஒரு சைக்கிள் திரும்பி வராமல் போனால்? இன்னும் இரண்டு சைக்கிளின் ஒரு வருஷ லாபத்தை அது விழுங்கிவிடும். எந்த வங்கி அதிகாரியிடம் இந்தத் திட்டத்தைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி, "செக்யூரிட்டி என்ன?" என்பதாகத்தான் இருக்கும்.

செக்யூரிட்டி ஒன்றும் கிடையாது. முன்பணம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. "நீ யாரு வீட்டுப் பையன்?" அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் சைக்கிள் உங்களுடையது. புதிதாக ஊருக்கு வந்தவர் என்றால் தெரிந்தவர் யாராவது ஒருவர் கடை வாசலில் நின்று, "நம்ம ஆள்தான், குடுங்க" என்று சொல்லவேண்டும். ஜாமீன் கையெழுத்துகூட இல்லை, வெறும் வாய் வார்த்தை. கடைகள் பல வருஷம் இப்படியே ஓடின என்றால், பெரும்பாலான சைக்கிள்கள் திரும்பி வந்தன என்றுதானே அர்த்தம்?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "ஆகா, அந்தக் காலத்தில் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்!" என்று நீங்கள் பெருமூச்சு விடப்போகிறீர்கள். நானும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டு.

'யாரு வீட்டுப் பையன்?' என்ற கேள்விக்கு எல்லாப் பதிலும் சரியான பதில் இல்லை.

ஏழாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருவன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். (அது பெரிய விஷயமில்லை, எல்லோருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள்தான்.) ஒரு முழுப் பரீட்சை லீவு பூராவும் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிள் கற்றுக்கொண்டோம். கடைக்குப் போவது நான். நோட்டில் எழுதுவது என் பெயர். அவன் தெருமுனையில், கடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், புளியமரத்துக்கடியில் நிற்பான். காசில் பாதி அவனுடையது. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அவனே ஐம்பது காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறான். வாசலில் ஐந்து சைக்கிள் சும்மா நிற்கிறது. "எல்லாம் வெளிய போயிருக்கு" என்று பதில்.

அவன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அப்போது புரியவில்லை. "நாளைக்கு நான் வந்து எடுத்துடறேன்டா" என்றேன். மறுநாளும் எடுத்தேன். அதற்கு மறுநாளும். லீவு முடிகிறவரை என் பெயரையே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது "இவன் பேரையும் எழுதுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் எங்கே கொடுக்காமல் போய்விடுவாரோ என்று பயம்.

சட்டம் அப்போதும் இருந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1955. 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். ஜாதியைக் காரணம் காட்டி ஒரு பொருளை விற்க மறுத்தாலோ, ஒரு சேவையைத் தர மறுத்தாலோ அது குற்றம். அரை மணி நேர வாடகைச் சைக்கிளும் அதில் அடக்கம். ஆனால் "எல்லாம் வெளிய போயிருக்கு" என்று சொல்கிறவர் மேல் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக்கொடுப்பது? சொந்தமாகச் சைக்கிள் வாங்கியவருக்கே தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஊர்த்தெருவுக்குள் ஓட்டிப்போக முடியாமல் இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. எனக்கு அதைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அன்றைக்குப் போயிருந்தேன். ஏரி முழுக்க ஒரே மாதிரி மீன் கிடைக்காது. கடல்நீர் உள்ளே வந்து போகிற முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நிறைய. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மீனவ கிராமங்களுக்குப் பாரம்பரியமாக இந்த உரிமை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாராட்டவேண்டிய விஷயம்தான். போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல், ஒரு பொதுச்சொத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பங்கு போட்டுக்கொள்வது சாதாரணமா?

ஆனால் சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் பெயர் இருக்கவேண்டும். பாட்டுக்கு உரிமை உள்ள சமூகத்தில், உரிமை உள்ள ஊரில் பிறந்தவருக்குத்தான் பெயர். அதே ஏரிக்கரையில் இருக்கிற மற்ற சமூகத்தார், வேறு பிழைப்புக் கெட்டுப்போய் ஏரியில் இறங்கியவர்கள், கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்கள், இவர்களெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. இதனால் தகராறுகளும் வந்திருக்கின்றன. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. என் மூன்றாம் நம்பர் சைக்கிள் மாதிரி.

இதற்கு மாற்று இல்லாமல் போகவில்லை. புதுக்கோட்டையில் ஒன்று நடந்தது.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பமாகிறது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவிக்க வந்த இயக்கம், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் அதைவிட நிறைய. பெண்பிள்ளை சைக்கிளில் ஏறினால் குடும்பமே கவிழ்ந்துவிடும் என்றார்கள். ஆனால் விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், பால்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் வந்து ஏறினார்கள். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தபோது ஊரே வாய்பிளந்து பார்த்தது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதினார். 1996இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் அது இருக்கிறது. அதில் எனக்கு மறக்கமுடியாத ஒரு ஆள், ஒரு பள்ளி ஆசிரியை. சைக்கிள் மேல் அப்படி ஒரு பித்து. ஆனால் சொந்தமாக வாங்க முடியவில்லை, விலை 1,200 ரூபாய்க்கு மேல். ஆகவே என்ன செய்தார்? தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்.

யோசித்துப் பாருங்கள். அவருக்கு எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லை. ஓட்டுவதற்காகவே அரை மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அதே கடை, அதே நோட்டு, அதே கடிகாரம். இத்தனை காலம் அந்த நோட்டில் பையன்கள் பெயரும் ஆண்கள் பெயரும்தான். முதல்முறையாக ஒரு பெண்ணின் பெயரை எழுதும்போது கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்? லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பார் இருப்பது ஒரு விதத்தில் வசதிதான், குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள்கூட உண்டு. வாங்குவதற்கு வங்கிக் கடன் தரவேண்டும் என்று கலெக்டர் வலியுறுத்தினார். குடிதண்ணீர் சுமக்க, சந்தைக்குப் போக, பஸ்ஸுக்காகவோ புருஷனுக்காகவோ காத்திருக்கவேண்டாம் என்றான பிறகு, கேலி செய்தவர்கள் மெல்ல வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது மறுபடி நம் டச்சுக்காரர்களிடம் போவோம்.

1965, ஆம்ஸ்டர்டாம். 'புரோவோ' என்று ஒரு கலகக்காரக் கூட்டம். அதில் லூட் ஸ்கிம்மல்பெனிங்க் என்கிற இளைஞருக்கு ஒரு யோசனை. கார்கள் நகரத்தை நாசம் செய்கின்றன, எனவே சைக்கிள்களுக்கு வெள்ளையடித்துத் தெருவில் பூட்டாமல் விட்டுவிடுவோம், வேண்டியவர் எடுத்து ஓட்டட்டும், போன இடத்தில் விட்டுவிடட்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். வாடகையும் கிடையாது, நோட்டும் கிடையாது, 'யாரு வீட்டுப் பையன்' என்ற கேள்வியும் கிடையாது. ஆகாவென்று இருக்கிறதல்லவா? போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. சைக்கிளைப் பூட்டாமல் விடுவது திருடனுக்கு அழைப்பு வைப்பது மாதிரி, சட்டப்படி தப்பு என்றார்கள். அந்த மனிதர் பிறகு நகரசபைக்கே உறுப்பினராகப் போய்த் திட்டத்தை வைத்துப் பார்த்தார். தோற்கடித்துவிட்டார்கள். ஆனால் யோசனை சாகவில்லை. 1995இல் கோபன்ஹேகன், 2007இல் பாரிஸ் என்று, காசு போட்டால் பூட்டுத் திறக்கிற சைக்கிள், கார்டு தேய்த்தால் திறக்கிற சைக்கிள் எல்லாம் வந்தன.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி சீனாவில் நடந்தது. பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 2014இல் 'ஓஃபோ' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் சக மாணவர்களிடம் கேட்டது இதுதான்: உன் சொந்தச் சைக்கிளைப் பொதுவுக்குக் கொடு, பதிலுக்கு இங்கே இருக்கிற எந்தச் சைக்கிளையும் நீ ஓட்டிக்கொள்ளலாம். அற்புதமான யோசனை. பழவேற்காட்டுப் பாடு மாதிரிதான், ஒரு வளாகத்துக்குள்ளே. கொஞ்ச நாளில் முதலீட்டாளர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். சொந்தச் சைக்கிள் கதை போயே போய்விட்டது. கம்பெனியே லட்சக்கணக்கில் மஞ்சள் சைக்கிள்களைச் செய்து ஊர் ஊராக இறக்கியது. நம் கோயம்புத்தூருக்குக்கூட 2018இல் வந்தது. அதே வருஷம் இந்தியாவைவிட்டுக் கிளம்பியும் போனது. வருஷக் கடைசியில் சீனாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆன்லைனில் க்யூவில் நின்றார்கள்.

நம் தகரக் கொட்டகைக்காரர் முன்பணமே வாங்கவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடைக்காரர் வாடிக்கையாளரை நம்பினார். இங்கே வாடிக்கையாளர்கள் கம்பெனியை நம்பினார்கள். செல்போனில் பணம் கட்டுகிறவனிடம் யாரும் ஜாதி கேட்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் நண்பன் புளியமரத்தடியில் நிற்கவேண்டியிருந்திருக்காது. ஆனால் அன்றைக்கு அவனிடம் இருந்தது ஐம்பது காசு. செல்போன் இல்லை.

அவர் சைக்கிள் கடைகளை யாரும் மூடச் சொல்லவில்லை. அவை தானாகவே கரைந்தன. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. தவணைக் கடன் வந்தது. மினி பஸ், ஷேர் ஆட்டோ வந்தன. கூலி உயர்ந்த அளவுக்குச் சைக்கிள் விலை உயரவில்லை. கடைசி அடி, சந்தோஷமான அடி, அரசாங்கத்திடமிருந்து. 2001-02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று ஆரம்பித்த திட்டம், சில வருஷங்களில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லா மாணவ மாணவியருக்கும் என்று விரிந்தது. யாருக்குக் கடைக்காரர் "வெளிய போயிருக்கு" என்று சொன்னாரோ, அந்த வீட்டுப் பெண்ணுக்கு முதல் சைக்கிள். நோட்டும் இல்லை, கடிகாரமும் இல்லை. வாடகைக் கடைகள் வெறும் பஞ்சர் கடைகளாயின. அந்தப் பஞ்சர் கடைகளுக்கு அந்த இலவச சைக்கிள்களே இன்றைக்குச் சோறு போடுகின்றன.

டீக்கடை வாசலுக்கு வருவோம்.

"வாடகை சைக்கிளா? அதெல்லாம் இப்ப ஏது சார்" என்றார் அந்த மீனவர். "எங்க போவணும்?"

சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. ஸ்டாண்டைத் தட்டி எடுத்துச் சைக்கிளை என் பக்கம் திருப்பினார்.

"எவ்வளவுண்ணே? மணிக்கு?"

"அட, நீ வேற சார். எட்டரைக்குள்ள வந்துடு. பொண்ணு ஸ்கூலுக்குப் போவணும். பிளஸ் ஒன்."

பாலத்தில் ஏறும்போது எதிர்காற்று. மீன் வாசனை என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. லைட் ஹவுஸ் பக்கம் பேசவேண்டியவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று மணி பார்த்தால் எட்டு இருபது. மூச்சு வாங்க மிதித்து வந்து சேர்ந்தபோது எட்டு நாற்பது. டீக்கடை வாசலில் அந்தப் பெண் யூனிஃபார்மில், தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைக் காணோம், ஏலத்துக்குப் போய்விட்டாராம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதற்குள் சைக்கிளை என் கையிலிருந்து வாங்கினாள். குனிந்து பின் டயரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். காற்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஏறி மிதித்துப் போய்விட்டாள்.